டெண்டர் போட்டு முடிச்சிட்டு கருத்து கேக்குறாங்க

மாற்றுத்திறனாளிகளுக்கான போக்குவரத்து வசதி பத்தி கருத்துக் கேட்புக் கூட்டம்னு நோட்டீஸ் வந்தா நான் உடனே போன் பண்ணி கேக்குற முதல் கேள்வி, பஸ் வாங்கியாச்சா இல்ல இனிமேதான் வாங்கப் போறீங்களான்றதுதான். போன் எடுக்குறவருக்கு பெரும்பாலும் பதில் தெரியாது, ஹோல்ட்ல போட்டுட்டு யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து "ஆர்டர் போயிடுச்சு சார், ஆனா உங்க கருத்து ரொம்ப முக்கியம்"னு சொல்வார். அப்பவே எனக்கு அந்தக் கூட்டம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும். வாசப்படி எவ்ளோ உயரம், கதவு எவ்ளோ அகலம், ராம்ப் உண்டா இல்லையா, வீல்சேருக்கு எத்தனை இடம், ஸ்டாப் பேர் சொல்ற ஸ்பீக்கர் வண்டிக்கு வெளியவும் இருக்கா, இதெல்லாம் முடிஞ்சு போன விஷயம், நமக்கு மிச்சம் இருக்கறது சீட்டு துணி நீலமா பச்சையான்றது மட்டும்தான். (கலரும் சும்மா இல்லங்க, எனக்குப் பார்வை ரொம்பக் கம்மி, கைப்பிடிக் கம்பி மஞ்சளா இருந்தாதான் கண்ணுக்கே தட்டுப்படும், சாம்பல் கலர் வண்டிக்குள்ள சாம்பல் கலர் கம்பி வச்சவர பாத்து பேசணும்னு ரொம்ப நாள் ஆசை.)

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் கனடாவுல பயணிகள் ரயில் ஓட்டுற வியா ரயில்ன்ற நிறுவனத்தோட கேஸ். 2000ல அந்த நிறுவனம் 139 பெட்டிகள வாங்குச்சு, இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல சானல் சுரங்கம் வழியா ராத்திரி ஓட்டுறதுக்குன்னு செஞ்சு கடைசில ஓட்டாமலே விட்ட பெட்டிங்க, விலை சல்லிசா கிடைச்சுது வாங்கிட்டாங்க. சொந்த வீல்சேர்லயே உக்காந்து வர்றவங்க அதுல போக முடியாது, பாத்ரூம் பக்கம் திரும்பவே முடியாது. மாற்றுத்திறனாளிகள் அமைப்பு கேஸ் போட்டுச்சு, போக்குவரத்து ஆணையம் 30 பெட்டிய மாத்தச் சொல்லுச்சு, நிறுவனம் முடியாதுன்னு மேல்முறையீடு போய் அங்க ஜெயிச்சுது, அமைப்பு அதுக்கும் மேல போய் கடைசியா 2007ல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சுக்கு நாலுன்னு ஜெயிச்சுது. ஜெயிச்சது பெரிய விஷயம்தான், ஆனா எத்தனை வருஷம் பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி நாலு பேர அந்தப் பெட்டிக்குள்ள ஏத்தி ஒரு மத்தியானம் சுத்த விட்டிருந்தா எல்லாமே அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்த நாலு பேருக்கு இன்ஜினியரிங் தெரியணும்னு அவசியமே இல்ல, வீல்சேர உள்ள விட்டு திருப்பிப் பாத்தா போதும்.

ரயிலும் பஸ்ஸும் ஒரு தடவ வாங்கினா சீக்கிரம் போகாது. பஸ்னா பத்துப் பதினஞ்சு வருஷம், ரயில்னா முப்பது வருஷம் சர்வசாதாரணமா ஓடும். ஆஸ்திரேலியாவுல 2002ல பொதுப் போக்குவரத்துக்குன்னு ஒரு விதிமுறை கொண்டு வந்தப்போ இத கணக்குல எடுத்துதான் 2007க்குள்ள 25 சதவீதம், 2012க்குள்ள 55, 2017க்குள்ள 90, 2022 முடியறதுக்குள்ள முழுசுன்னு படிப்படியா வச்சாங்க, ரயிலுக்கும் டிராமுக்கும் மட்டும் 2032 வரைக்கும் டைம் குடுத்தாங்க. சட்டம் வந்த அன்னிக்குப் பிறந்த குழந்தைக்கு முப்பது வயசு ஆகுறப்போதான் அந்தக் கடைசித் தேதியே வருது. இன்னிக்கு தப்பா ஒரு ஆர்டர் போச்சுன்னா அது நம்ம ஆயுசுல பாதி வரைக்கும் கூடவே வரும்.

அமெரிக்காவோட 1990 சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, யாரும் அதப் பெருசா பேசறதில்ல. பஸ் எப்போ ரோட்டுல ஓட ஆரம்பிக்குதுன்றத அவங்க கணக்குல எடுக்கல, 1990 ஆகஸ்ட் 25க்கு அப்புறம் டெண்டர் கேக்குற புது பஸ் எல்லாமே வீல்சேர் ஏறுற மாதிரி இருக்கணும்னு வச்சாங்க. ஜூலை 26ல கையெழுத்து ஆச்சு, முப்பது நாள்தான் டைம். ஓடுற வண்டிய மாத்தச் சொன்னா ஆயிரம் சாக்கு வரும், டெண்டர் பேப்பர்லயே பூட்டு போட்டா சாக்கு சொல்ல வழியில்ல. அந்தச் சட்டத்த எழுதினவங்களுக்கு தப்பு எந்த மேஜைல நடக்குதுன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

அது சும்மா உக்காந்து யோசிச்சு வந்த அறிவு இல்லங்க. 1978 ஜூலை 5, டென்வர் ஊர்ல 19 மாற்றுத்திறனாளிங்க ஒரு பெரிய சந்திப்புல பஸ்ஸ மறிச்சு ரோட்டுலயே ராத்திரி பூரா கிடந்தாங்க, மறுநாள் வரைக்கும் வண்டி நகரல. கேட்டுப் பாத்து, கேஸ் போட்டுப் பாத்து, ஒண்ணும் நடக்காம புது பஸ் எல்லாம் படிக்கட்டோடதான் வருதுன்னு ஆனதுக்கப்புறம்தான் அவங்க ரோட்டுல இறங்கினது. அங்கருந்துதான் 1983ல அடாப்ட்னு ஒரு அமைப்பு கிளம்பி நாடு பூரா பஸ்ஸ மறிச்சாங்க, 1990 மார்ச்ல வாஷிங்டன்ல பார்லிமென்ட் கட்டடப் படிக்கட்டுல வீல்சேர விட்டுட்டு கையால தவழ்ந்து ஏறினதும் அந்த அமைப்பு நடத்துன போராட்டம்தான். இப்ப நம்ம கூட்டத்துக்குப் போனா டீ குடுத்து உக்கார வைக்கிறாங்களே, அந்த நாற்காலி இந்த மாதிரி ஆளுங்க ரோட்டுல கிடந்து வாங்கிக் குடுத்தது.

சரி ஆர்டர் போறதுக்கு முன்னாடியே கூட்டம் வச்சிட்டாங்கன்னே வச்சுக்குவோம். அடுத்தது யார் வந்து உக்காந்து கேக்குறாங்கன்றது. இதுல கனடாவோட டொரண்டோ ஊர் கதைய சொல்லியே ஆகணும். டேவிட் லெபோஃப்ஸ்கினு ஒரு வக்கீல், பார்வை இல்லாதவர். அடுத்த ஸ்டேஷன் என்னன்னு சத்தமா சொல்லுங்கன்னு டொரண்டோ போக்குவரத்துக் கழகத்துகிட்ட கேட்டார், அவ்ளோதான் கோரிக்கை, வாயத் திறந்து ஸ்டேஷன் பேர சொல்லணும். அத அவங்க ஒழுங்கா செய்யல. மனித உரிமை தீர்ப்பாயத்துக்குப் போனார், 2005ல மெட்ரோவுல ஒவ்வொரு ஸ்டேஷனையும் சொல்லியே ஆகணும்னு உத்தரவு வந்துச்சு. சரி பஸ்ஸுலயும் சொல்லுங்கப்பான்னா அதுக்கு தனியா இன்னொரு கேஸ் போட வேண்டியிருந்துச்சு, 2007ல அதுலயும் ஜெயிச்சார். இந்த ரெண்டு கேஸையும் எதிர்த்து வாதாட கழகம் செலவு பண்ணது 4,50,000 டாலர், டிரைவர் வாயால சொல்றதுக்கு ஆகுற செலவு என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. நான் பஸ்ஸுல போறப்போ பக்கத்துல இருக்கறவர "அண்ணே எந்த ஸ்டாப்பு"னு கேட்டுக் கேட்டே போறவன், போன்ல மூழ்கி இருக்கறவர் தப்பா சொல்லி வேற இடத்துல இறங்கின அனுபவம் எல்லாம் நெறைய உண்டு, அதனால இந்த மனுஷன் மேல எனக்கு தனி மரியாத.

நான் சொல்ல வந்தது அந்த 2007 தீர்ப்போட இன்னொரு பகுதி. ஸ்டாப் பேர சொல்லுங்கன்னதோட நிறுத்தல, வருஷத்துக்கு ஒரு தடவ பொதுக் கூட்டம் நடத்தணும், மாற்றுத்திறனாளிப் பயணிங்க அதுல நேரா வந்து பேசணும், மேலதிகாரிங்க உக்காந்து கேக்கணும்னும் உத்தரவு. அப்புறம் 2011ல டொரண்டோ இருக்குற ஒன்டாரியோ மாகாணத்தோட விதிமுறையிலயே இது ஏறிடுச்சு, போக்குவரத்து நடத்துற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு பொதுக் கூட்டமாவது வச்சு வசதித் திட்டத்த மாற்றுத்திறனாளிங்களோட சேந்து பரிசீலிக்கணும்னு. யாரோ ஒரு நல்ல ஆபீசர் மனசு வச்சா கூட்டம், அவர் டிரான்ஸ்ஃபர் ஆனா கூட்டமும் டிரான்ஸ்ஃபர்ன்ற நிலைமை அதோட போச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை 2006லயே இதத்தான் சொல்லுது, அதுல 4வது பிரிவோட 3வது பத்தி, நம்மள பாதிக்கிற முடிவு எடுக்குறப்போ நம்மகூட நெருக்கமா ஆலோசிச்சு, நம்மளையும் ஈடுபடுத்திதான் எடுக்கணும்னு. 180க்கு மேல நாடுங்க அத ஏத்துக்கிட்டிருக்கு. ஏத்துக்கிட்டது பேப்பர்ல, ஆனா கூட்டத்துல பாத்தா மேல உக்காந்திருக்கறவர் மக்கள் தொடர்பு ஆபீசரா இருப்பார், ரொம்ப நல்லவரா இருப்பார், பொறுமையா கேப்பார், குறிச்சுக்குவார், "மேலிடத்துக்கு தெரியப்படுத்துறோம்"னு சொல்வார். அந்த மேலிடம் எதுக்கு வரலன்னு கேட்டா வேற மீட்டிங்காம். ஒரு கூட்டத்துல ஒரு அக்கா, வீல்சேர்ல வர்றவங்க, மைக் வாங்கி "சார் உங்கள குத்தம் சொல்லல, ஆனா நீங்க கையெழுத்து போட்டா பஸ் வருமா, இல்ல இன்னொருத்தர் போடணுமா, இன்னொருத்தர்னா அவர் வர்ற வரைக்கும் நாங்க உக்காந்திருக்கோம்"னு சொல்லிட்டு நிஜமாவே நகராம இருந்தாங்க. கடைசில மேலதிகாரி ஒருத்தர் வந்தார். வந்து பத்து நிமிஷம்தான் இருந்தார், ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல நடந்தது அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரத்துல நடக்கல.

கூட்டம் நடத்துற இடத்தப் பத்தி தனியா ஒரு போஸ்ட்டே போடலாம். ராம்ப் இருக்குன்னு சொல்வாங்க, இருக்கும், பின்பக்கம் குப்பைத்தொட்டிய தாண்டி. நாற்காலிய நெருக்கி அடுக்கி வச்சிருப்பாங்க, வீல்சேர்ல வந்தவங்க எல்லாரும் கடைசி வரிசைக்கு அப்பால நிக்கணும், அவங்களுக்காகத்தான் கூட்டமே. மேடைக்குப் போக நாலு படி, அப்போ மாற்றுத்திறனாளி யாரும் மேடைல உக்கார மாட்டாங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னுதான அர்த்தம்? ஸ்லைடு ஓடும், "இந்த மேப்ல பாத்தீங்கன்னா, இங்கருந்து இங்க"னு சொல்லிட்டே போவாங்க, எனக்கு எங்கருந்து எங்கன்னு ஒரு எழவும் புரியாது, வாயால அந்த ரோட்டு பேர சொன்னா என்ன குறைஞ்சிடும்? சைகை மொழி பெயர்ப்பாளர வெளிச்சமே இல்லாத மூலைல நிக்க வச்சிருப்பாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம்னு மணி அடிப்பாங்க, பேச்சு திக்குறவங்களுக்கும் மூணு நிமிஷம்தான், எழுத்துப் பலகைல ஒவ்வொரு எழுத்தா காட்டிப் பேசுறவங்களுக்கும் அதே மூணு நிமிஷம். சமமா நடத்துறாங்களாம்!

நேரம் இன்னொரு கொடும. முன்கூட்டியே புக் பண்ணி வீட்டு வாசலுக்கு வர்ற ஸ்பெஷல் வண்டி சில ஊர்ல இருக்கு, அத நம்பி வர்றவங்க திரும்பிப் போற நேரத்தயும் முந்தின நாளே சொல்லியாகணும். கூட்டம் ஆறு மணிக்குன்னு போட்டு வரவேற்புரை அறிமுக உரைன்னு ஏழு மணிக்கு கேள்வி நேரம் ஆரம்பிக்குறப்போ வாசல்ல வண்டி வந்து ஹாரன் அடிக்கும், அவங்க பேசாமலே எந்திரிச்சுப் போவாங்க. அந்த வண்டியோட புக்கிங் பிரச்சனையப் பத்தி பேசத்தான் வந்திருப்பாங்க. உரைய எல்லாம் கடைசில வைங்க, கேள்விய முதல்ல வைங்கன்னு நான் எழுதிக் குடுத்துட்டே இருக்கேன், இன்னும் யாரும் கேக்கல.

ஆன்லைன்லயும் சேந்து நடத்துறது நல்லது, வரமுடியாதவங்க கலந்துக்கலாம். ஆனா அதுக்காக நேர்ல நடத்துறத நிறுத்தக் கூடாது, ம்யூட் பண்ண முடியாத ஆளுங்க எதிர்ல உக்காந்திருந்தாதான் ஆபீசர் பதில் சொல்வார்.

வராதவங்களப் பத்தியும் சொல்லணும், ஏன்னா கணக்கு பூரா தப்பா போறது இங்கதான். "இந்த ரூட்ல வீல்சேர் பயணிங்க மாசத்துக்கு ரெண்டு பேர்கூட ஏறல, அதுக்கு ஏன் இவ்ளோ செலவு"ன்னு ஒரு தடவ ஒருத்தர் கேட்டார், கெட்ட எண்ணத்துல கேக்கல, ஷீட்ல இருந்த நம்பர வச்சு கேட்டார். ஏற முடியாத பஸ்ஸுல எப்படி ஏறுவாங்க? பாலம் இல்லாத ஆத்துல எத்தனை பேர் நடந்து தாண்டுறாங்கன்னு எண்ணிப் பாத்துட்டு பாலம் வேணாம்னு சொல்ற கணக்கு அது. கூட்டத்துக்கு வர்றவங்க எப்படியோ வந்து சேர முடிஞ்சவங்க, நானும் அதுல ஒருத்தன். வீட்டு வாசல தாண்ட முடியாதவங்க குரல் அங்க கேக்கவே கேக்காது. புத்தி வளர்ச்சி சம்பந்தமான குறைபாடு உள்ளவங்க, மனநலப் பிரச்சனை உள்ளவங்க, இவங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ராம்ப் இல்ல, புரியற மாதிரி போர்டு, கத்தாத கண்டக்டர், திடீர்னு ரூட் மாத்தாத பஸ். இதப் பேச யாராவது வந்திருக்காங்களான்னு பாத்தா இருக்க மாட்டாங்க, அம்மாவோ அப்பாவோ வந்து அவங்களுக்காக பேசிட்டுப் போவாங்க.

நமக்குள்ள சண்டை வர்றதயும் மறைக்க வேணாம். வீல்சேர் அக்காவுக்கு நடைபாதை ரோட்டோட சரிசமமா இறங்கணும், எனக்கு நடைபாதை ஓரத்துல உயரமா நிக்கிற அந்தத் திட்டுதான் எல்லைக்கோடு, கம்பு தட்டுற இடத்துல திட்டு இல்லன்னா நான் நடைபாதைல இருக்கேனா ரோட்டுல இருக்கேனான்னே தெரியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல சோதிச்சுப் பாத்தப்போ திட்டு குறைஞ்சது 60 மில்லிமீட்டராவது இருந்தாதான் பார்வை இல்லாதவங்களால நம்பிக்கையா கண்டுபிடிக்க முடியுதுன்னு வந்துச்சு, அந்த 60 மில்லிமீட்டர்ல வீல்சேர் முன்சக்கரம் முட்டிக்கிட்டு நிக்கும். இதுக்கு வழிதான் தொட்டா தெரியற மேடு வச்ச கல்லு, சரிவா இறக்குற இடத்துல அத பதிச்சா எனக்கு கால்ல தெரியும், அக்காவும் உருட்டிட்டுப் போயிடலாம். ஜப்பான்ல செய்இச்சி மியாக்கே 1965ல கண்டுபிடிச்சு 1967ல ஒகயாமால முதல் தடவ பதிச்சாங்க, இன்னிக்கு உலகம் பூரா இருக்கு. இந்த மாதிரி சமரசம் எல்லாம் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தாதான் வரும், தனித்தனியா கூப்பிட்டு கேட்டா ஒருத்தருக்கு குடுத்தத இன்னொருத்தர்கிட்டருந்து பிடுங்குவாங்க. பிரிட்டன்ல நடைபாதை ரோடுன்னு பிரிவே இல்லாம எல்லாத்தையும் ஒரே தளமா போடுற டிசைன் ஃபேஷனா பரவி, பார்வை இல்லாதவங்க வருஷக்கணக்கா கத்தி, 2018லதான் அரசாங்கம் அந்த மாதிரி திட்டத்த நிறுத்தி வைங்கன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள எத்தனை தெரு போட்டிருப்பாங்க.

குழந்தை வண்டி விஷயமும் இப்படித்தான், வீல்சேர் இடத்துல குழந்தை வண்டி நின்னா யார் நகரணும்னு. வீல்சேர்ல போற டக் பாலின்றவர் 2012ல அப்படி பஸ்ல ஏற முடியாம போய் கேஸ் போட்டு, 2017ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட், டிரைவர் சும்மா ஒரு தடவ கேட்டுட்டு விட்டுடக் கூடாது, அதுக்கு மேலயும் முயற்சி பண்ணணும்னு சொல்லுச்சு, ஆனா வலுக்கட்டாயமா இறக்கணும்னு சொல்லல. எனக்கென்னவோ ரெண்டுக்கும் இடம் இருக்குற பஸ் வாங்கியிருந்தா கோர்ட்டு வரைக்கும் போயிருக்காதுன்னுதான் தோணுது, மறுபடியும் டெண்டர்லதான் வந்து நிக்குது பாருங்க.

கூட்டம் முடிஞ்சதும் மினிட்ஸ்னு ஒண்ணு அனுப்புவாங்க, அது ஸ்கேன் பண்ண படமா இருக்கும், எழுத்த சத்தமா படிச்சுக் காட்டுற என் ஸ்க்ரீன் ரீடர் சாஃப்ட்வேர் அதத் தொட்டதும் வாயடைச்சு நிக்கும். யாரையாவது படிச்சுக் காட்டச் சொன்னா எல்லா வரியும் "கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு முடியும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு டேபிள், போன கூட்டத்துல என்ன கேட்டாங்க, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ள, முடியாதுன்னா ஏன் முடியாது. முடியாதுன்னு நேரா சொன்னாகூட நான் ஏத்துக்குவேன், காசு இல்ல, ரோடு குறுகல், வேற துறை அனுமதி வேணும்னு சொன்னா அடுத்து எந்தக் கதவத் தட்டணும்னாவது தெரியும். ஒரே ஒரு கூட்டத்துல மட்டும் போன வருஷ லிஸ்ட்ட முதல்ல வாசிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஆச்சு ஆகலன்னு சொன்னாங்க, பாதிக்கு மேல ஆகல, ஆனா ஹால்ல யாரும் கத்தல. அந்தக் கூட்டத்த நடத்துன அம்மா ரிட்டயர் ஆனதும் அந்தப் பழக்கமும் போச்சு.

லிஃப்ட் விஷயத்துலயும் இந்த டேபிள்தான் வேணும். எத்தனை ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்குன்னு பெருமையா போர்டு வைப்பாங்க, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. போற வழில ஒரு லிஃப்ட் நின்னா அன்னிக்கு வீல்சேர்காரருக்கு அந்தப் பாதையே இல்ல, பத்து ஸ்டேஷன்ல ஒன்பது வேலை செஞ்சாலும் அவர் இறங்க வேண்டியது அந்தப் பத்தாவதா இருந்தா முடிஞ்சுது கதை.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்திருக்கு, இந்தத் தடவ புது பஸ் வாங்குறது அஜெண்டாலயே இருக்கு, போன் பண்ணி கேட்டேன், ஆர்டர் இன்னும் போகலயாம். அதனால பஸ் ஸ்பெசிஃபிகேஷன ஸ்க்ரீன் ரீடர்ல படிக்கிற மாதிரி ஃபைலா முன்கூட்டியே அனுப்புங்க, சாம்பிள் வண்டி ஒண்ண ஹால் வாசல்ல நிறுத்துங்க நாங்க ஏறிப் பாக்குறோம், ஆர்டர்ல கையெழுத்து போடுறவர் ஆரம்பத்துலருந்து முடியற வரைக்கும் உக்காந்திருக்கணும்னு மூணையும் எழுதி மெயில் போட்டிருக்கேன். அக்காவும் தனியா ஒண்ணு போட்டிருக்காங்க, அவங்க ராம்ப் சரிவு எவ்ளோன்னு நம்பர் கேட்டிருக்காங்க, ராம்ப ரோட்டுத் தரைல இறக்குனா எவ்ளோ, நடைபாதை மேல இறக்குனா எவ்ளோன்னு ரெண்டு நம்பரும். நீங்க போறீங்கன்னா நீங்களும் போடுங்க, ஒரே கேள்விய பத்து பேர் கேட்டா ஒருத்தருக்காவது பதில் வரும்.